ஸ்கேனர் வாய் திறக்கவில்லையா? ஸ்போர்ட்ஸ் காரின் ஓபிடி போர்ட்டைத் தேடிப் பிடித்துப் பேசவைக்கும் வழி

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் செங்கோட்டை வழியாகக் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசையாக இறங்கும். அதில் ஒன்றிரண்டு தரையோடு தரையாகப் போகிற ரகம். போன ஆடியில் இலஞ்சிப் பக்கம் ஒரு போர்ஷே கேமன் நின்றது. செக் என்ஜின் லைட் எரிகிறது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் இரண்டு பேர் தலைகீழாகக் கிடந்து டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, ஸ்கேனர் மாட்டுத எடமே இந்த வண்டியில கெடையாது போல" என்றான் ஒரு பையன். இருந்தது. அவன் நெற்றியை இடித்துக்கொண்ட இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி. அதுதான் ஓபிடி போர்ட்: வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறைப் படிக்க ஸ்கேனரைச் செருகும் இடம்.

நான் பாளையங்கோட்டையில் கார் வயரிங் வேலை பார்க்கிறவன். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஷார்ஜாவில். ஸ்போர்ட்ஸ் கார்கள் கைக்குப் பழகியது அங்கேதான். இங்கே வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வந்தால் அதிகம். வருகிற வண்டியில் பாதிக்கு மேல் "கம்ப்யூட்டர் போச்சு" என்ற தீர்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. நிஜமாகவே கம்ப்யூட்டர் போயிருந்த வண்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் போர்ட்டுக்கு வரும் கரண்ட், எர்த், இல்லையென்றால் நடுவில் ஒரு வயர்.

இதற்கு லட்ச ரூபாய் ஸ்கேனர் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், பல்பு வைத்த பழைய டெஸ்ட் லாம்ப், டார்ச், ஒரு டப்பா காண்டாக்ட் கிளீனர் போதும். டெஸ்ட் லாம்ப் எல்இடி ரகமாக இருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"போர்ட்டையே காணோம்"

முதலில் வண்டி எந்த வருஷம், எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பாருங்கள். 16 கால் (பின்) கொண்ட ஓபிடி-2 போர்ட் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிக்கு 2001. நம் நாட்டில் பிஎஸ்-4 புகை விதியோடு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2. ஆக, ஒரே மாடல் அமெரிக்காவுக்குப் போனதில் போர்ட் இருக்கும், ஜப்பானில் ஓடியதில் இல்லாமல் போகலாம். ஷார்ஜாவில் இந்தக் குழப்பம் தினப்படி.

16 கால் போர்ட் உண்டு என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு சின்னதுதான். ஸ்டியரிங்கிலிருந்து ஏறத்தாழ இரண்டடிக்குள், டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் கைக்கு எட்டுகிற இடம். போர்ஷே 986, 987 (பாக்ஸ்டர், கேமன்), 996, 997 (911) எல்லாவற்றிலும் டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, கீழ்நோக்கிப் பார்த்தபடி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் சீட் பள்ளத்தில் இருப்பதால் உட்கார்ந்த வாக்கில் குனிந்தால் ஒன்றும் தெரியாது. சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு, வெளியே வந்து, வாசல்படி மேல் தோள்பட்டையை வைத்து மல்லாந்து பாருங்கள். இல்லையென்றால் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, கையை மட்டும் உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு நிதானமாக நிழலில் உட்கார்ந்து வீடியோவைப் பார்க்கலாம். கழுத்து மிச்சம்.

சில வண்டியில் போர்ட்டின் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். சிலவற்றில் முந்தைய வேலைக்காரர் கிளிப்பை உடைத்துவிட்டு, போர்ட்டை வயரோடு மேலே செருகி வைத்திருப்பார். கையால் தடவும்போது மஞ்சள் நிறக் கப்ளர் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக். அதில் மீட்டர் முனையோ டெஸ்ட் லாம்ப்போ எதுவும் படக் கூடாது.

"போர்ட் இருக்கு, ஆனா நம்ம ஸ்கேனர் பொருந்தல"

அப்படியென்றால் அது ஓபிடி-2 இல்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சட்டம். பி.எம்.டபிள்யூ பானெட்டுக்குள் 20 கால் வட்டக் கனெக்டர், திருகு மூடியோடு. பென்ஸ் எஸ்எல், எஸ்எல்கே என்றால் 38 ஓட்டை போட்ட வட்டம், அதுவும் பானெட்டுக்குள். போர்ஷே 964-இல் 19 கால் வட்டம், பக்கத்து சீட்காரர் கால் வைக்கும் பக்கம். இதற்கெல்லாம் மாற்று வயர் கிடைக்கிறது. ஆனால் வயர் பொருந்திவிட்டதால் மொழியும் பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பெனிக்கான மென்பொருளும் வேண்டும்.

இந்த பி.எம்.டபிள்யூ மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த இசட்3 ஒன்று, உள்ளே 16 கால் போர்ட், பானெட்டுக்குள் 20 கால் வட்டம், இரண்டும் உண்டு. உள்ளே ஸ்கேனர் மாட்டினால் லைட் எரியும், கம்ப்யூட்டரோடு பேச்சு வராது. அரை நாள் வயரைத் துழாவினோம். கடைசியில் பட்டறையிலிருந்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்து, "வட்டத்துக்கு மூடி எங்கே?" என்றார். என்ஜின் கழுவின பையன் கழற்றிப் பெஞ்சு மேல் வைத்திருந்தான். அந்த மூடி வெறும் தூசி மூடி இல்லை. உள்ளே கால்களை இணைக்கும் பாலம் இருக்கிறது. மூடி திருகியிருந்தால்தான் பேச்சு வயர் உள்ளே இருக்கும் போர்ட்டுக்கு வரும். மூடியைத் திருகினோம், ஸ்கேனர் பேசிவிட்டது. அதிலிருந்து பழைய பி.எம்.டபிள்யூ வந்தால் நான் முதலில் திறப்பது பானெட்டைத்தான்.

ஸ்கேனரே வேண்டாத வண்டிகளும் உண்டு. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் 'டயக்னோசிஸ்' என்று எழுதியிருக்கும். மூடிக்கு உள்பக்கம் கால்களின் பெயர் அச்சடித்திருக்கும். அதில் 'டென்' என்ற காலையும் 'கிரவுண்ட்' காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்தால் போதும், என்ஜினை ஓட்ட வேண்டாம், செக் லைட் மின்னத் தொடங்கும். நீள மின்னல் பத்து, குறு மின்னல் ஒன்று. ஒரு நீளம், ஐந்து குறு என்றால் 15, ஆக்ஸிஜன் சென்சார். வெறும் ஒன்பது குறு என்றால் 09, தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சார். செக் லைட் இல்லாத வண்டியானால் 'பி பிளஸ்', 'ஃபென்' கால்களுக்கு நடுவே ரெசிஸ்டர் சேர்த்த எல்இடியைப் பிடித்து எண்ண வேண்டும். அதே டென்-கிரவுண்ட் இணைப்போடுதான் இக்னிஷன் டைமிங்கும் வைக்கிறோம், 10 டிகிரி. இந்தக் கோளாறு எண்ணை (கோடு என்பது இதைத்தான்) அழிக்க பேட்டரி மைனஸைக் கழற்றி பிரேக் பெடலைக் கொஞ்ச நேரம் மிதித்துப் பிடித்தால் போதும். பேட்டரி டிக்கியில் இருக்கும், பானெட்டில் தேடாதீர்கள். ஒரே எச்சரிக்கை: பி பிளஸையும் கிரவுண்டையும் மறந்தும் இணைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து டொயோட்டாவிலும் இதே கதை, காலின் பெயர் 'டிஇ1', 'இ1'. ஹோண்டாவில் பக்கத்து சீட்காரர் டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு காலே உள்ள சின்னக் கப்ளர்.

"ஸ்கேனர்ல லைட்டே எரியல"

என்னிடம் வருவதில் இதுதான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கேனருக்கு வேண்டிய கரண்ட் போர்ட்டிலிருந்தே வருகிறது. 16-ஆம் காலில் பேட்டரி பிளஸ், சாவி போட்டாலும் போடாவிட்டாலும். 4-ஆம் கால் பாடி எர்த், 5-ஆம் கால் சிக்னல் எர்த். கால்களை எண்ணுவது இப்படி: போர்ட் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அகலப் பக்கம் மேலே வரும்படி நேர் எதிரே பார்த்தால் மேல்வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. பல வண்டியில் போர்ட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். எது மேலே தெரிகிறது என்று பார்க்காமல் எது அகலம் என்று பார்த்து எண்ணுங்கள்.

மீட்டரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: சிகரெட் லைட்டர் சாக்கெட் வேலை செய்கிறதா? பல வண்டியில் அதற்கும் 16-ஆம் காலுக்கும் ஒரே ஃபியூஸ். வள்ளியூரிலிருந்து ஒருவர் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "இசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) செத்துட்டு" என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விசாரித்தால், நாங்குநேரி தாண்டி டயரில் காற்று இறங்கியிருக்கிறது, லைட்டர் சாக்கெட்டில் மலிவான காற்றடிக்கும் மெஷினைச் செருகி ஓட்டியிருக்கிறார், மெஷின் பாதியில் நின்றிருக்கிறது. ஃபியூஸ் போய்விட்டது. வண்டிக்கு நிஜமாக இருந்த கோளாறு வேறு. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாயை இந்த ஃபியூஸ் அடைத்து வைத்திருந்தது. மாற்றும்போது எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதே ஆம்பியரில் போடுங்கள். "இருவது போட்டா திரும்பப் போவாதுல்லா" என்பவர்களுக்கு: போகாது, பதிலுக்கு வயர் போகும்.

ஃபியூஸ் சரியாக இருக்கிறதா? இப்போது டெஸ்ட் லாம்ப். கிளிப்பைக் கதவு கொக்கி விழும் இரும்பில் மாட்டி, முனையை 16-இல் வையுங்கள். எரிந்தால் பிளஸ் வருகிறது. அடுத்து கிளிப்பை எடுத்துவிட்டு 16-க்கும் 4-க்கும் நடுவே, பிறகு 16-க்கும் 5-க்கும் நடுவே பிடியுங்கள். பாடியோடு எரிந்தது 4-ஓடு எரியவில்லை என்றால் எர்த் வயர் அறுந்திருக்கிறது அல்லது அதன் போல்ட்டில் துரு. லாம்ப்பை இந்த மூன்று காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 6, 7, 14 எல்லாம் பேச்சு வயர். அங்கே பல்பு போட்டுப் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு நல்லதல்ல, மீட்டர் மட்டும்.

எல்இடி லாம்ப் வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான். 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதி மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஆற்றோரத் தெரு ஒன்றில் நின்ற வண்டி, தண்ணீர் சீட் வரை ஏறி இறங்கியது. காயவைத்து, எண்ணெய் மாற்றி, ஓட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். நாலு மாதம் கழித்து ஸ்கேனர் மாட்டினால் சில நேரம் மினுக்கென்று எரிந்து அணைகிறது. மீட்டர் வைத்தால் 16-இல் 12.4 வோல்ட். எல்லாம் சரியென்றுதானே தோன்றும்? டெஸ்ட் லாம்ப் வைத்தேன், இழைகூடச் சிவக்கவில்லை. மீட்டர் இழுப்பது துளிக் கரண்ட். அழுகின காலும் அதைக் கொடுத்துவிடும். பல்பு கால் ஆம்பியர் கேட்டதும் கையை விரித்துவிட்டது. போர்ட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பக்கத்துக் கால்களெல்லாம் பளபளவென்று இருக்க, 16-ஆம் கால் மட்டும் பச்சைப் பொடி பூத்து, தொட்டால் உதிர்கிறது. எப்போதும் கரண்ட் நிற்கிற கால் அது ஒன்றுதான். ஈரம் பட்டால் அதைத்தான் முதலில் தின்னும்.

லேசான பச்சை என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டு உரசினால் மேல்பூச்சு போய் அடுத்த ஐப்பசிக்குள் மறுபடி பூக்கும். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டிக்கு இதை வருஷம் ஒரு தடவை செய்தாலும் தப்பில்லை. கால் உதிர்ந்துவிட்டால் அந்த ஒரு காலை மட்டும் புதிதாக அழுத்திப் போடலாம்; போர்ட் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று: மீட்டரின் தடித்த முனையைப் போர்ட் ஓட்டைக்குள் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பிடிப்பு அகன்றுவிடும். அதற்கப்புறம் ஸ்கேனர் ஆடினாலே தொடர்பு விட்டுப் போகும். பின்பக்கமாக வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியை விட்டு அளப்பதுதான் முறை.

"லைட் எரியுது, போன் புடிக்க மாட்டேங்குது"

இது வண்டிக் கோளாறே இல்லை. டாங்கிள் என்பது போர்ட்டில் செருகினால் போனோடு பேசும் சின்ன ஸ்கேனர். மலிவாகக் கிடைக்கும் இஎல்எம் 327 புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் ஐபோனோடு சேராது. ஐபோனுக்கு வைஃபை ரகமோ, குறைந்த மின்சாரப் புளூடூத் ரகமோ வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் ஜோடி சேர்க்கும் எண் 1234 அல்லது 0000. வைஃபை ரகத்தில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் "இதில் இணையம் இல்லை" என்று போன் தானாக வெளியே போய்விடும். அவ்வளவுதான்.

"போன் புடிச்சுட்டு, வண்டி பதில் சொல்லல"

சாவி எந்த நிலையில் இருக்கிறது? பாட்டுக் கேட்கிற நிலை போதாது, டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிற ஆன் நிலை வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள். சிலவற்றுக்கு இரண்டு தடவை. சிரிக்காதீர்கள், இதற்காகவே நான் அம்பாசமுத்திரம் வரை போய்வந்திருக்கிறேன்.

அடுத்தது மொழி. 2008-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் கேன் மொழி, 6-ஆம் கால், 14-ஆம் கால். அதற்கு முந்தைய ஐரோப்பிய வண்டிகள் பல 7-ஆம் காலில் கே-லைன் என்ற ஒற்றை வயரில் பேசும். மலிவு டாங்கிள்களில் சில கேன் மட்டும் உருப்படியாகப் பேசும், கே-லைனில் திக்கும். அதனால் பழைய பாக்ஸ்டரில் பேசாத டாங்கிளை ஒரு புது வண்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கே பேசினால் டாங்கிள் செத்துப்போகவில்லை, கே-லைன் அதற்கு ஒத்துவரவில்லையோ என்று சந்தேகப்படலாம். பாக்ஸ்டரில் நல்ல ஸ்கேனர் ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

எல்லாம் சரி, நல்ல ஸ்கேனர்தான், அப்போதும் பேசவில்லை? அண்மையில் ஸ்டீரியோ மாற்றினீர்களா என்று கேளுங்கள். ஏன் என்றால், 2000-களில் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று வந்தது. முதல் தலைமுறை ஆடி டிடி-யும் இதுவும் ஒரே அடித்தளத்தில் செய்தவை, வயரிங்கும் அதே சாயல். மஞ்சள் நிறம், நன்றாக வைத்திருந்தார். எந்த ஸ்கேனர் மாட்டினாலும் மௌனம். 7-ஆம் காலில் சாவி ஆனில் பேட்டரி அளவுக்கு வோல்ட் நிற்க வேண்டும். இங்கே 2 வோல்ட் சொச்சம். யாரோ அந்த வயரைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். டாஷ்போர்டு நடுவில் பெரிய தொடுதிரை ஸ்டீரியோ மின்னிக்கொண்டிருந்தது. "இது எப்பம் போட்டது அண்ணாச்சி?" "தீவாளிக்குத்தான் போட்டேன். ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. இந்தக் குடும்பத்து வண்டிகளில் கம்பெனி ரேடியோவையும் ஸ்கேன் செய்ய வசதியாக, ரேடியோ கப்ளரின் ஒரு காலுக்குக் கே-லைன் வருகிறது. வெளிக்கடை ஸ்டீரியோவில் அதே இடத்தில் வேறு ஏதோ வேலைக்கான வயர் இருக்கும். கப்ளர் அழகாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டீரியோவை வெளியே இழுத்துக் கப்ளரைக் கழற்றினேன். 7-ஆம் கால் 12-க்கு ஏறியது, ஸ்கேனர் உடனே பேசியது. அந்த ஒரு வயரை மட்டும் கப்ளரிலிருந்து எடுத்து, நுனிக்கு உறை போட்டு மடக்கிக் கட்டிவிட்டு, ஸ்டீரியோவை மறுபடி மாட்டிக் கொடுத்தேன். பாட்டும் பாடுகிறது, ஸ்கேனரும் பேசுகிறது.

கேன் வண்டியானால் அளக்கும் முறை வேறு. சாவி ஆனில் 6-ஆம் காலும் 14-ஆம் காலும் எர்த்தோடு பார்த்தால் ஒவ்வொன்றும் 2.5 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 6 கொஞ்சம் மேலே, 14 கொஞ்சம் கீழே. இரண்டில் ஒன்று 12 அல்லது 0 என்றால் அந்த வயர் எங்கோ உரசுகிறது. பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, சில நிமிஷம் விட்டு, இரண்டு காலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் வயர் இரண்டு முனையும் சரி. முனைக்கு 120 ஓம் வீதம் இரண்டு ரெசிஸ்டர் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஆகிறது. 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 0-வை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. ஆனால் போர்ட்டுக்கும் வண்டி வயருக்கும் நடுவில் கேட்வே என்ற இடைக் கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் இந்தக் கணக்கு மாறும். அங்கே 60 வரவில்லை என்று வயர்க் கட்டை அறுத்துவிடாதீர்கள்.

"என்ஜின் மட்டும் காட்டுது, ஏபிஎஸ் காட்டல"

காட்டாது. ஓபிடி-2 சட்டம் புகைக்காக வந்தது. பொது ஸ்கேனருக்கு என்ஜினும் புகை சம்பந்தப்பட்டதும்தான் திறக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், மடக்குக் கூரை இதற்கெல்லாம் கம்பெனி அளவிலான கருவி வேண்டும்: போர்ஷேக்குப் பிவிஸ், ஆடி-ஸ்கோடா குடும்பத்துக்கு விசிடிஎஸ், பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா. போர்ட் அதேதான்.

"கோடு வந்துட்டு, அழிச்சா திரும்ப வருது"

அழித்ததே தப்பு. கோடு விழுந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்றில் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ஆப்பில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி0171, பேங்க் 1-இல், அதாவது என்ஜினின் ஒரு பக்க சிலிண்டர்களில், பெட்ரோல் குறைவு என்ற கோடு, சும்மா நிற்கும்போது விழுந்திருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று போவேன். மேலே ஏறும்போது முழு லோடில் விழுந்திருந்தால் பெட்ரோல் பம்ப் பக்கம் போவேன். அதோடு மறுபக்கத்துக்கான பி0174-உம் சேர்ந்து வந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று, பெரும்பாலும் காற்று அளக்கும் சென்சார்.

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கோடு, அதில் 'யு' என்று தொடங்குவது நிறைய, கூடவே பி0562 இருந்தால் பேட்டரி வோல்ட் இறங்கியிருக்கிறது. பேட்டரியைச் சரிசெய்த பிறகுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

கோடு எதைக் காட்டுகிறதோ அதையே வாங்கி மாட்டுவது இன்னொரு வியாதி. சேரன்மகாதேவியில் ஒரு பாக்ஸ்டர், பி0135, முதல் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர். உரிமையாளர் அதற்குள் புது சென்சார் வாங்கி மாட்டியும்விட்டார், கோடு அப்படியே இருக்கிறது. சென்சார் கப்ளரில் வோல்ட் பார்த்தேன், வரவே இல்லை. பாக்ஸ்டரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால். வெதுவெதுப்பான இடம், யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிசான நெல் அறுத்து முடிந்ததும் வயலில் இருந்த எலி வேறெங்கே போகும்? வைக்கோலும் வயர்த் தோலுமாக ஒரு கூடு. ஹீட்டர் வயர் இரண்டு அங்குலத்துக்குச் செம்பு மட்டும் மிச்சம். கழற்றிப் போட்ட பழைய சென்சாரை அளந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

"ஸ்கேனர் மாட்டினதுக்கு அப்புறம் பேட்டரி நிக்கல"

16-ஆம் காலில் கரண்ட் எப்போதும் உண்டு என்றேன் அல்லவா? டாங்கிளைப் போர்ட்டிலேயே விட்டுவிட்டால் அது குடித்துக்கொண்டே இருக்கும். என்னிடம் இருக்கும் ஒன்று 45 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி. தினம் ஓடுகிற வண்டிக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டியின் பேட்டரியைப் படுக்கவைக்க அது போதும்.

போர்ஷே 987-இல் இது இன்னும் வேடிக்கை. பேட்டரி முன் டிக்கிக்குள். முன் டிக்கி மூடி திறப்பது மின்சாரத்தில். பேட்டரி செத்தால் பேட்டரியை எடுக்க மூடி திறக்காது. ஒரு கேமன்காரர் டாங்கிளை மாட்டியபடியே விட்டுவிட்டு ஐந்து வாரம் துபாய் போய் வந்தார். வந்து சாவியை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. மூடியைக் கம்பி விட்டு நெம்பலாமா என்று யாரோ யோசனை சொல்ல, நல்லவேளை அதற்குள் எனக்குப் போன் செய்தார்.

வழி இருக்கிறது. டிரைவர் ஏறும் பக்கம் சாவியால் திறந்து, முன் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் ஓரமாக இருக்கும் ஃபியூஸ் பெட்டி மூடியை எடுங்கள். உள்ளே சிவப்பு நிறத்தில் வெளியே இழுக்கிற ஒரு முனை இருக்கும். இழுத்து, வெளிப் பேட்டரியின் பிளஸ்ஸை அதில் மாட்டுங்கள். மைனஸைக் கதவு கொக்கி விழும் இரும்பில். அலாரம் கத்தும், பயப்பட வேண்டாம். சாவியில் அன்லாக் அழுத்தினால் அடங்கும். பிறகு முன் மூடி பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று விடும். இந்த முனையிலிருந்து என்ஜினை ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. அவ்வளவு கரண்ட்டை அந்த வயர் தாங்காது. மூடி திறந்த பிறகு பேட்டரியிலேயே நேராக சார்ஜரை மாட்டுங்கள்.

அன்றைக்கு மூடி திறந்தபோது பேட்டரியோடு, துபாய் கொண்டுபோவதற்காக வாங்கி மறந்துவைத்த ஒரு கிலோ அல்வாவும் உள்ளே இருந்தது. ஐந்து வாரம் வெயிலில். மூடியை இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தோம். அவர் இப்போது டாங்கிளைக் கார் சாவிக் கொத்தோடு ஒரு சாண் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். போர்ட்டிலிருந்து உருவினால்தான் சாவி கையோடு வரும்.